நத்தார் லீவில் ஒரு பொய் நிச்சயதார்த்தம்: மட்டக்களப்பில் இந்தக் கதை நிற்குமா?

உப்போடை வாசகி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இணையத்தில் தொடராக வரும் காதல் கதைகளை விடாமல் வாசிப்பவள் நான். அதில் எனக்கு மிகவும் பிடித்த வகை ஒன்று உண்டு. வீட்டாரின் நச்சரிப்புத் தாங்காமல் ஒரு பெண்ணும் ஆணும் "எங்களுக்கு நிச்சயமாகிவிட்டது" என்று பொய் சொல்வார்கள். விடுமுறை முடியும்வரை சோடியாக நடிப்பார்கள். போகப் போக எது நடிப்பு, எது நிசம் என்று அவர்களுக்கே பிடிபடாமல் போய்விடும். நத்தார் நெருங்கினால் இந்த வகைக் கதைகள் குவியும். ஆனால் முக்கால்வாசி பனி கொட்டும் ஊர்களில் நடப்பவை. தமிழில் எழுதுபவர்களும் பனியை எடுத்துவிட்டு ஒரு சென்னை அடுக்குமாடியை வைத்துவிடுகிறார்கள். மாமா இல்லை, பக்கத்து வீடு இல்லை, மாரி மழை இல்லை.

எங்கள் ஊரிலேயே வைத்து ஒன்று எழுத ஆசைப்படுகிறேன். கதாநாயகி புளியந்தீவில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண், தாதியாக வேலை. சுவிஸில் இருக்கும் தாய்மாமன் நத்தாருக்கு வருகிறார், கூடவே ஒரு மாப்பிள்ளையின் பேச்சோடு. கதாநாயகன் வாவிக்கு மேற்குக் கரையான படுவான்கரையில் அம்பிளாந்துறைப் பக்கம், சைவக் குடும்பம், நீர்ப்பாசனத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். அவனுக்கும் வீட்டில் நெருக்கடி: மாமன் மகளைக் கட்டு என்கிறார்கள். அந்த மச்சாளுக்கோ மேலே படிக்க விருப்பம். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு வீடுகளில் பொய் சொல்கிறார்கள்.

கேட்க நினைப்பது இதுதான். மார்கழி நடுவில் சொன்ன பொய் தைப்பொங்கல்வரை எங்கள் ஊரில் தாக்குப்பிடிக்குமா? எந்த இடத்தில் உடையும்? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆட்கள் மனம் திறந்து சொல்லுங்கள்.


படுவான்கரையான் எழுதியது:

அக்கா, பொய் சொல்ல இதைவிடத் தோதான மாதம் கிடையாது. சைவ வீடுகளில் மார்கழியில் நல்ல காரியம் வைக்கமாட்டார்கள். பிள்ளையார் கதை, திருவெம்பாவை என்று விரதம் பிடிக்கிற மாதம். அதனால் பொடியன் "நான் ஒருத்தியை விரும்பி முடிவெடுத்துவிட்டேன்" என்று சொன்னாலும் அவன் அம்மா உடனே தட்டம் தூக்கிக்கொண்டு புறப்படமாட்டா. "தை பிறக்கட்டும்" என்பா. பேச்சுக்கால் அளவிலேயே நிற்கும். மற்ற மாதமென்றால் அடுத்த கிழமையே சாதகம் கையில் இருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் பக்கம் பெரும்போக வேளாண்மை. ஐப்பசி கார்த்திகையில் விதைத்து மாசி பங்குனியில் வெட்டுவோம். மார்கழியில் வயலுக்குள் காசு கிடக்கும், கையில் இருக்காது. பசளைக்கும் எண்ணெய்க்கும் கடன் வாங்கியிருப்பார்கள். அதனால் "வேளாண்மை வெட்டின பிறகு பார்ப்போம்" என்று ஒரு தகப்பன் சொன்னால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். விரதம் ஒரு சாட்டு, வேளாண்மை ஒரு சாட்டு. பங்குனிவரை இழுக்கலாம்.

ஆனால் அவனுக்கு லீவு கொடுத்துவிடாதீர்கள். மார்கழியில் நீர்ப்பாசன ஆட்களுக்கு நித்திரையே இல்லை. மழை வலுத்தால் உன்னிச்சைக் குளத்து வான்கதவு திறக்க வேண்டும், வாவி நிரம்பினால் தண்ணீர் கடலுக்கு ஓட முகத்துவாரம் வெட்ட வேண்டும் என்று நாலு பக்கமும் சத்தம் வரும். வயல் தண்ணீரில் மூழ்கினவனும் மீன்பிடிக்கிறவனும் வேறு வேறு நியாயம் சொல்வார்கள். அவளும் தாதி, நத்தார் இரவிலும் கடமை விழும். ஊரே கொண்டாடும்போது வேலையில் நிற்கிற இரண்டு பேர். அவர்களைச் சேர்க்க அதைவிட நல்ல காரணம் வேறு வேண்டுமா?


பார் வீதி அக்கா எழுதியது:

தங்கச்சி, கத்தோலிக்கப் பக்கத்தை நான் சொல்கிறேன். நத்தாருக்கு முந்தின நாலு கிழமையும் திருவருகைக் காலம். கோயிலில் கலியாணக் கோலாகலம் பெரும்பாலும் இருக்காது. ஆக இரண்டு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் வாய்க்கட்டு. இது கதைக்கு நல்லது.

ஆனால் பொய் பரவும் வேகத்தைக் குறைத்து எண்ணாதே. மார்கழி பிறந்தால் பள்ளிக்கூடம், கந்தோர், வாசிகசாலை என்று எங்கும் ஒளிவிழா. கரோல் கோஷ்டி வீடு வீடாக வரும், நத்தார் பாப்பா வேடம் போட்ட பொடியன் பக்கத்து வீட்டுப் பிள்ளையாகத்தான் இருப்பான். அவன் உன் வீட்டு விறாந்தையில் புது முகம் ஒன்றைக் கண்டால் அடுத்த ஒழுங்கை முடிவதற்குள் செய்தி போய்விடும். இருபத்தைந்தாம் திகதி காலையில் பலகாரத் தட்டு மாற்றுவோம் பார், அதுதான் எங்கள் ஊர்ப் பத்திரிகை. கேக்கும் கொக்கிஸும் முறுக்கும் அடுக்கி, மேலே ஒரு லேஸ் துணி போட்டு, சைவ வீட்டுக்கும் பறங்கியர் வீட்டுக்கும் முஸ்லிம் வீட்டுக்கும் பிள்ளைகள் கொண்டுபோவார்கள். தட்டை வாங்குகிற மாமி வாசலில் நின்று கேட்கும் கேள்விக்குப் பத்து வயதுப் பிள்ளை என்ன பதில் சொல்லும்? உள்ளதைச் சொல்லும். அவளுடைய தம்பியையோ அக்கா மகளையோ தட்டோடு அனுப்பு. பொய் முதலில் கசிவது அங்கேதான்.

சாமியாரை மறந்துவிடாதே. நிச்சயம் என்று காதில் விழுந்தால் அவர் கேட்பார்: பொடியன் எந்தப் பங்கு? கத்தோலிக்கன் இல்லை என்றால் ஆயரின் அனுமதி வேண்டும், ஆயத்த வகுப்பு வேண்டும், பூசையில் திருமண அறிவித்தல் வாசிக்க வேண்டும். அறிவித்தல் என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்குக் கை நடுங்கட்டும்.


கச்சேரிப்பக்கம் எழுதியது:

சட்டப் பக்கத்தை யாரும் தொடவில்லை, அதனால் சொல்கிறேன். இந்த வகைக் கதைகளில் இரண்டு பேரும் ஒரு தாளில் நிபந்தனை எழுதிக் கையெழுத்து வைப்பார்கள் அல்லவா? இலங்கையில் அந்தத் தாள் விளையாட்டு இல்லை.

1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச்சட்டத்தின்படி, வாக்குக் கொடுத்தாய் என்பதற்காக ஒருவரை நீதிமன்றம் வலுக்கட்டாயமாகக் கட்டிவைக்க முடியாது. ஆனால் வாக்கை முறித்ததற்கு நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். அதற்கு ஒரு நிபந்தனை: அந்த வாக்கு எழுத்தில் இருக்க வேண்டும். வாயால் சொன்னது போதாது. (முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம், இது அவர்களுக்குப் பொருந்தாது.)

இதைக் கதையில் இப்படிப் பயன்படுத்தலாம். நிபந்தனைத் தாளை எழுத அவள் பேனை எடுக்கிறாள். அவன் தடுக்கிறான். "எழுத வேண்டாம், எழுதினால்தான் வழக்கு வரும்" என்கிறான். அவளுக்கு அது உறுத்துகிறது. வாய்ச்சொல்லை நம்பி ஒரு பெண் தன் பெயரைப் பணயம் வைக்க வேண்டியிருக்கிறது. அந்த உறுத்தல் கடைசிவரை வரட்டும். கதையின் முடிவில் அவன் தானாக ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அதன் பாரம் வாசிக்கிறவர்களுக்கு விளங்கும்.

இன்னொரு ஆபத்து "எழுத்து", அதாவது விவாகப் பதிவு. வெளிநாட்டுக்குக் கூப்பிடுவதற்காகக் கலியாண எழுத்தை முதலில் முடித்து, தாலியைப் பிறகு வைக்கும் வழக்கம் எங்கள் சனத்திடம் ஊறிப்போய்விட்டது. சுவிஸ் மாமா லீவு முடிவதற்குள் ஏதாவது ஒன்றை முடித்துவிட்டுப் போக நினைப்பார். பதிவாளருக்கு அறிவித்தல் கொடுக்க மார்கழி, திருவருகைக் காலம் எதுவும் தடை இல்லை. படுவான்கரைத் தம்பி சொன்ன இரண்டு சாட்டும் அந்த இடத்தில் செல்லாது.


சூரிச்சிலிருந்து எழுதியது:

ஒரு வேண்டுகோளோடு வந்திருக்கிறேன். அந்த வெளிநாட்டு மாப்பிள்ளையைக் கேலிப் பொருளாக்கிவிடாதீர்கள். எல்லாக் கதையிலும் அவன் கறுப்புக் கண்ணாடி போட்டு, காசைக் காட்டி, தமிழைக் கடித்துத் துப்புகிறவனாக வருகிறான். நான் அறிந்த உண்மை வேறு. ஆண்டு முழுக்கச் சேர்த்து வைத்த லீவை எடுத்துக்கொண்டு வருவான். வந்த நாளிலிருந்து யாரோ ஒருவர் அவனைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். தேத்தண்ணி குடிப்பான், முகம் தெரியாத ஒரு பெண் குனிந்த தலையோடு தட்டை நீட்டுவாள். அவளுக்கு விருப்பமா இல்லையா என்று கேட்கக்கூட அவனுக்கு இடம் கொடுக்கமாட்டார்கள். வீட்டுக்காரர் பேசி முடித்துவிட்டு அவனிடம் "ஓமா?" என்பார்கள்.

உங்கள் கதையில் அவனுக்கு ஒரு நல்ல காட்சி கொடுங்கள். அவள் சொன்னது பொய் என்று முதலில் விளங்கிக்கொள்பவன் அவனாக இருக்கட்டும். விளங்கியும் மாமாவிடம் சொல்லாமல் விடட்டும்.


உப்போடை வாசகி எழுதியது:

சூரிச் அண்ணன், அந்தக் காட்சியை எடுத்துக்கொள்கிறேன், மனமார்ந்த நன்றி. எங்கே வைக்கலாம் என்றும் யோசித்துவிட்டேன். நள்ளிரவுப் பூசை முடிந்து சனம் கலையும்போது. எல்லாரும் கை கொடுத்து வாழ்த்துச் சொல்லும் நெரிசலில் அவன் அவளுக்கும் கை கொடுத்து, "பயப்படாதீங்க, நான் மூன்றாம் திகதி திரும்பிப் போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறான்.

ஒரு கேள்வி. கதாநாயகனை இன்னொரு மதமாக வைத்தது சரிதானா? தோழி ஒருத்தி, "அது பெரிய சண்டையாகிவிடும், உன் பொய்க்கே இடமிருக்காது" என்கிறாள்.


படுவான்கரையான் எழுதியது:

சரியாகத்தான் வைத்திருக்கிறீர்கள் அக்கா. பொய்க்கு ஆள் தேடும்போது வீட்டார் உடனே ஓம் சொல்லிவிடும் ஆளும் ஆகாது, உடனே துரத்திவிடும் ஆளும் ஆகாது. ஓம் என்றால் எழுத்து வந்துவிடும். துரத்தினால் சுவிஸ் மாப்பிள்ளை வந்துவிடுவான். மட்டக்களப்பில் சைவமும் வேதமும் (கிறிஸ்தவமும்) கட்டுவது நடக்காத விசயம் இல்லை, ஆனால் ஒரு மாதம் இருந்து பேச வேண்டிய விசயம். மாமாவின் லீவு முழுக்க அந்தப் பேச்சிலேயே கரைந்துவிடும். அவள் கெட்டிக்காரி என்றால் அதைக் கணக்குப் போட்டுத்தான் அவனைத் தெரிந்தெடுத்திருப்பாள்.

அவன் வீட்டில் முதல் கேள்வி மதமாகவும் இருக்காது. "என்ன குடி?" என்பதாகத்தான் இருக்கும். குடி என்கிற குலம் தாய் வழியாக வருகிறது, ஒரே குடிக்குள் கட்டுவதில்லை. அவனுடைய அம்மம்மா அதைக் கேட்டுவிட்டு, அவளுடைய தாயின் தாய் எந்த ஊர் என்று தோண்டத் தொடங்குவா. அந்தக் காலத்தில் யார் யாருக்கு வேளாண்மைக் கூலி கொடுத்தார்கள் என்பதுவரை போகும். பொய் சொன்ன இரண்டு பேருக்கும் தெரியாத உறவுமுறையைக்கூட அம்மம்மா கண்டுபிடித்துவிடுவா.


மருதமுனை மகள் எழுதியது:

நான் கல்முனைப் பக்கம், முஸ்லிம். குடியும் சீதன வீடும் எங்களிடமும் இருக்கிறது, அதனால் இந்த இழையை எங்கள் வீட்டுக் கதையாகவே வாசித்தேன். ஒன்றை யாரும் சொல்லவில்லை, அது இல்லாமல் இந்தக் கதை எங்கள் கரையில் நிற்காது. வீடு.

எங்கள் இரண்டு மாவட்டத்திலும் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவான். பெண் பிறந்த நாளிலிருந்து தாய் தகப்பன் கல்லும் மண்ணும் சேர்ப்பார்கள். தளம் போட்டு நிறுத்தி வைத்த வீடுகள், பூசாத சுவர்கள், கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் தூண்கள் தெருவுக்குத் தெரு நிற்கும். அதெல்லாம் காசு வரும்வரை காத்திருக்கிற வீடுகள். மாப்பிள்ளை சரி வந்துவிட்டது என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் அந்த வீட்டில் மறுநாளே வேலை தொடங்கிவிடும்.

பனி பெய்யும் ஊரில் இரண்டு பேர் பொய் சொன்னால் ஒரு மோதிரம்தான் பொய். இங்கே அவள் பொய் சொன்ன மறு கிழமை மண் லொறி வந்து வாசலில் கொட்டும். மேசன் வருவார். அவளுடைய தாய் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்திருப்பா, மகளிடம் சொல்லாமல். பொய்யின் விலை அங்கேதான் இருக்கிறது. அதைத் தொடாமல் மாமாவோடும் சாமியாரோடும் ஓடிப்பிடித்து விளையாடினால் வாசிக்க இலேசாக இருக்கும், உண்மையாக இருக்காது.

பொய் வெளிவந்தால் அவன் பழையபடி கந்தோருக்குப் போவான். அவள் "நிச்சயம் முறிந்தவள்". தங்கை இருந்தால் அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துக் கேட்பார்கள். இந்தக் கணக்கு அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத ஒருவனை நான் கதாநாயகன் என்று ஏற்கமாட்டேன்.


கச்சேரிப்பக்கம் எழுதியது:

தங்கச்சி சொன்னது முற்றிலும் உண்மை. முக்குவச் சட்டம் என்று ஒன்று இங்கே தாய்வழிச் சொத்துக்கு இருந்தது. 1876 ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அது வழக்கொழிந்துபோனது. ஆனால் வீட்டை மகளுக்கு எழுதும் வழக்கத்தை எந்தச் சட்டமும் அசைக்கவில்லை. நொத்தாரிசிடம் போய்ப் பாருங்கள், சீதன உறுதி எழுதுவது இன்றைக்கும் நடக்கிறது.


காரைதீவுக் காற்று எழுதியது:

நான் இந்த வகைக் கதைகளுக்காக உயிரை விடுகிறவள், அதனால் கொஞ்சம் எதிர்த்துப் பேசப் போகிறேன். அக்காமார், அண்ணன்மார் எல்லாரும் கதைக்குள் சட்டத்தையும் சீமெந்தையும் இறக்குகிறீர்கள். காதல் எங்கே?

பொய் நிச்சயக் கதையை ஏன் இவ்வளவு பேர் வாசிக்கிறோம்? எங்கள் ஊரில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று கதைக்கவே ஒரு காரணம் வேண்டும். பொய் அந்தக் காரணத்தைக் கொடுக்கிறது. அவள் மோட்டார் சைக்கிளின் பின்னால் முதல் தடவை ஏறும்போது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள். கல்லடிப் பாலத்தில் எதிர்க்காற்று. "விழுந்தா உங்க மாமாக்கு நான்தான் பதில் சொல்லணும்" என்று அவன் திரும்பாமல் சொல்கிறான். அவள் சட்டையின் ஒரு ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொள்கிறாள். இந்த ஒரு காட்சிக்காக நான் ஐம்பது அத்தியாயம் காத்திருப்பேன். மச்சாள்மார் முன்னால் அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் முதல் தரம், அவளுடைய தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு என்று யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்திருப்பது, இதையெல்லாம் விட்டுவிடாதீர்கள். பாரம் தேவைதான். ஆனால் சந்தோசமும் பாரமான விசயம்தான், அதையும் கவனமாக எழுத வேண்டும்.

ஒரு பிழை மட்டும் வேண்டாம். பாலத்தில் நின்று வாவிக்குள் பாடும் மீனின் ஓசை கேட்கிற காட்சியை மார்கழியில் வைத்துவிடாதீர்கள். அது சித்திரை தொடங்கிப் புரட்டாதி மட்டும், நிலவு இரவில் கேட்கிறது. மாரி வெள்ளம் கலங்கி ஓடும் வாவியில் மீன் பாடினது என்று எழுதினால் ஊர்க்காரர் அந்த இடத்திலேயே மூடிவைத்துவிடுவார்கள்.


படுவான்கரையான் எழுதியது:

காரைதீவுத் தங்கச்சி கேட்ட காதலுக்கு நான் இடம் தருகிறேன். பனிக் கதையில் வீதி மூடி இரண்டு பேரும் ஒரு வீட்டில் அகப்பட்டுக்கொள்வார்கள் இல்லையா? எங்களுக்கு அதற்குப் பாதை இருக்கிறது. குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கு வாவியில் ஓடும் பாதையைத்தான் சொல்கிறேன். வெளியூர் வாசகருக்காக: சைக்கிளும் சனமும் மோட்டார் சைக்கிளும் ஏற்றிப்போகும் தட்டைப் படகு. காற்றும் நீரும் மிஞ்சினால் ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள்.

அவன் அம்மா "பிள்ளையை ஒருக்கா கூட்டிக்கொண்டு வா" என்கிறா. பகல் போய்ப் பின்னேரம் திரும்பும் எண்ணத்தில் அவளும் தங்கையும் போகிறார்கள். மழை இறங்குகிறது. பாதை நிற்கிறது. மண்முனைப் பாலத்துப் பக்கம் சுற்றிப் போகலாமென்றால் வீதிக்கு மேலால் தண்ணீர் பாய்கிறது. மறுகா என்ன, அங்கேதான் இரவு. கரண்ட் போய்விடும். வெளியூர்க் கதைகளில் ஒரே கட்டில் வரும், எங்கள் வீட்டில் கட்டிலே அம்மம்மாவுக்கு மட்டும்தான். மற்றவர்கள் மண்டபத்தில் பாய் விரித்து வரிசையாகப் படுப்பார்கள். இந்தத் தொங்கலில் பெண்கள், அந்தத் தொங்கலில் ஆண்கள், நடுவில் அரிக்கன் லாம்பு. மட்டக்களப்புக்கு வந்தவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் சொல்வார்களே, அம்மம்மா அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கட்டும். "இங்க ஒட்டுறது பொம்பிளைப் பிள்ளையாக்கிடக்கு" என்று அவளைப் பார்க்கட்டும்.

நடுச்சாமத்தில் அவனுக்கு அழைப்பு வரும், வான்கதவு திறக்கப் போகிறார்கள் என்று. அவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இருட்டுக்குள் இறங்குவான். எல்லாரும் நித்திரை என்று நினைத்திருப்பான். அவள் எழும்பிவந்து ரோச் லைட்டைக் கையில் கொடுப்பாள். பார்க்க யாரும் இல்லை, நடிக்கத் தேவையும் இல்லை.


காரைதீவுக் காற்று எழுதியது:

அண்ணன், இந்த ரோச் லைட்டுக்காகவே நான் முதல் வாசகி.


பார் வீதி அக்கா எழுதியது:

எல்லாம் நன்றாக வருகிறது. ஆனால் நத்தாரை எழுதிவிட்டு அடுத்த நாளை எப்படித் தாண்டப் போகிறாய் தங்கச்சி?

பிற நாடுகளில் டிசம்பர் 26 மிச்சக் கேக் சாப்பிடும் நாள். எங்களுக்கு அது 2004. ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி, நத்தார் உடுப்பு இன்னும் கொடியில் காய்கிறது, காலையில் கடல் வந்தது. நாவலடி, டச்பார், கல்லடி. டச்பாரில் எங்கள் பறங்கியர் குடும்பங்கள் எத்தனை போயின. அம்பாறைப் பக்கம் இன்னும் கொடுமை, நாட்டிலேயே கூடுதலான உயிர் போனது அந்த மாவட்டத்தில்தான். காரைதீவுப் பிள்ளைக்கு நான் சொல்லத் தேவையில்லை. இன்றைக்கும் இருபத்தாறு காலை 9.25 க்கு இரண்டு நிமிட மௌனம். முதல் நாள் கேக் வெட்டிய அதே வீட்டில் அடுத்த நாள் காலை படத்துக்கு மெழுகுதிரி ஏற்றுவோம். இந்தக் கரையில் நத்தார்க் காதல் எழுதுகிறவர் அந்த ஒரு இரவுக்குள் சந்தோசத்திலிருந்து துக்கத்துக்கு நடந்து காட்ட வேண்டும்.

அதற்காக யாரையும் அழவைக்கும் கருவியாக அதைப் பாவிக்காதே. அவளுக்குச் சுனாமியில் போன ஒரு சித்தி இருக்கட்டும். அந்தக் காலையில் நாவலடித் தூபிக்கு வீட்டார் போகும்போது, நிச்சயமான மாப்பிள்ளை என்ற முறையில் அவனும் வர வேண்டும் என்று அம்மா எதிர்பார்ப்பா. அந்த இடத்தில் அவனால் நடிக்க முடியுமா? நடிக்கத்தான் வேண்டுமா?


காரைதீவுக் காற்று எழுதியது:

அக்கா, எங்கள் வீட்டிலும் படம் இருக்கிறது. நான் சந்தோசத்தைக் கேட்டது அதை மறந்து அல்ல. என் விருப்பம், அவன் தூபிக்கு வர மறுக்க வேண்டும். "மற்ற எதுக்கும் வாறேன், இதுக்குப் பொய்யா வர ஏலாது" என்று அவளிடம் சொல்ல வேண்டும். அவளுக்கு முதலில் கோபம் வரும், அம்மாவுக்கு என்ன சொல்வேன் என்று. பிறகு அதே காரணத்துக்காகத்தான் அவன் மேல் மனம் போகும்.


மருதமுனை மகள் எழுதியது:

இதுதான் இந்தக் கதையின் நடு முள். இதற்கு மேல் அவர்கள் பொய்யை இழுக்கக் கூடாது. என் சீமெந்தையும் இந்த இடத்தில் கொண்டுவந்து சேருங்கள்.


உப்போடை வாசகி எழுதியது:

இரண்டு நாளாக வேலை முடிந்து வந்து இதைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். நான் நினைத்து வைத்திருந்த கதையில் பொய் உடைவது மாமாவின் கையில். யாரோ காட்டிக்கொடுப்பார்கள், ஒரு பெரிய சத்தம், பிறகு சமாதானம். அதை விட்டுவிட்டேன். இப்போது நடுப்பகுதி இப்படி இருக்கிறது.

இருபத்தாறாம் திகதி அவன் தூபிக்கு வரவில்லை. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. இருபத்தெட்டாம் திகதி அவள் இரவுக் கடமை முடிந்து வரும்போது பின்வளவில் மண் கொட்டிக் கிடக்கிறது, பக்கத்தில் சீமெந்துப் பைகள். அம்மாவின் கழுத்தில் வெறும் கறுப்பு நூலில் செபமாலைப் பதக்கம் மட்டும். அன்று மாலை வானம் கறுக்கிறது. அவனுக்குத்தான் அழைப்பு எடுக்கிறாள், வேறு யாருக்கும் அல்ல. அவன் கந்தோர்த் தறப்பாளை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிறான். இரண்டு பேருமாகப் பைகளைத் தூக்கித் தாழ்வாரத்தில் அடுக்குகிறார்கள். ஒரு பை அடியில் நனைந்துவிட்டது. அவன் அதைத் தனியாக எடுத்து வைத்து விரலால் அழுத்திப் பார்க்கிறான். "இது இறுகப் போகுது. இதுக்குள்ள பாவிச்சா சரி, இல்லாட்டி வீண்" என்கிறான். அவள் அதற்குப் பதில் சொல்லாமல் "அம்மாட சங்கிலி போயிட்டு" என்கிறாள். அவன் அப்படியே நிற்கிறான். காதலைச் சொல்லும் காட்சி என்று நான் வைத்திருந்த இடம் இதுதான். இந்த இடத்தில் அவனுக்கு வாயில் வருவது "முதல்ல அம்மாட்டச் சொல்லுவம்" என்பது மட்டும்.

மீதியில் ஒரு இடம் தட்டுகிறது. சங்கிலியை மீட்பது யார்? அவன் காசு கட்டி மீட்டால் அழகாக இருக்கும் என்று எனக்கு ஓர் ஆசை.


மருதமுனை மகள் எழுதியது:

வேண்டாம் அக்கா. அவன் மீட்டால் அவள் கடன்பட்டவளாகிவிடுவாள், பிறகு அவள் சொல்லும் ஓம் எதற்கான ஓம் என்று யாருக்கும் தெரியாது. அவளுக்குச் சம்பளம் இருக்கிறது. மாதம் மாதம் கட்டி அவளே மீட்கட்டும். அவன் செய்யக்கூடியது வேறு. மாமா முன்னால் வந்து இருந்து, "பொய் சொன்னதில் பாதி என்னுடையது, பிள்ளையை மட்டும் ஏசாதீங்க" என்று சொல்லலாம். அந்த ஏச்சை வாங்குகிற ஆம்பிளையைத்தான் எங்கள் ஊரில் நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

அவள் அன்றைக்குக் கட்டுகிற சாரி எங்கள் மருதமுனைக் கைத்தறியாக இருக்கட்டும். இது சின்ன ஆசை.


சூரிச்சிலிருந்து எழுதியது:

மாமாவையும் கொஞ்சம் யோசியுங்கள். அவர் சத்தம் போடுவார்தான். ஆனால் தங்கச்சியின் கழுத்தைப் பார்த்ததும் அந்தச் சத்தம் அடங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து மாதம் மாதம் காசு அனுப்புகிறவர் அவர், தன்னிடம் கேட்காமல் அடகுக் கடைக்குப் போயிருக்கிறா என்பது அவரை உடைக்கும். அவருடைய கோபம் மருமகளின் பொய்யில் தொடங்கி வேறொன்றில் முடியட்டும்.


கச்சேரிப்பக்கம் எழுதியது:

நான் சொன்ன அந்த ஒரு வரியை மறந்துவிடாதீர்கள். பொய் முடிந்து, அவள் ஓம் சொல்லாமலும் இல்லை சொல்லாமலும் இருக்கும் நாட்களில் அவன் எழுதிக் கொடுக்கட்டும். திகதி போட்டு, முழுப் பெயர் போட்டு. அவள் கையெழுத்து வைக்கத் தேவையில்லை.


உப்போடை வாசகி எழுதியது:

எடுத்துக்கொண்டேன், மூன்றையும். சாரியையும் சேர்த்து. அம்மாவிடம் சொல்வது அவள், மாமாவிடம் சொல்வது அவன், அம்மம்மாவிடம் யாரும் சொல்லத் தேவையில்லை, அவ ரோச் லைட் கொடுத்த இரவே விளங்கிக்கொண்டா. தையில் நிச்சயம் கிடையாது. வேளாண்மை வெட்டி, அவளுடைய முதல் இரண்டு தவணை கட்டின பிறகு அவன் வீட்டார் புதிதாக வந்து கேட்பார்கள். முதல் அத்தியாயத்தை இந்தக் கிழமை முடிவில் போடுகிறேன்.


படுவான்கரையான் எழுதியது:

போடுங்கள் அக்கா. பாதை வரும் அத்தியாயத்தை மட்டும் போடுவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள், துறையடியில் ஏறுகிற இறங்குகிற விபரம் பிழைத்தால் எங்கள் ஊர்ப் பொடியன்கள் விடமாட்டார்கள். அந்த மச்சாளுக்கும் ஒரு முடிவு வையுங்கள். அவள் பல்கலைக்கழகத்துக்கு வந்தாறுமூலைக்குத்தான் போகிறாள் என்றால் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம், பெரியவர்கள் மறுக்கக் காரணம் இருக்காது.